சென்டர் ஜாயின்ட் பிளாஞ்ச் போல்ட் அறுந்துபோச்சு: சரியான போல்ட் டெல்டாவுல எங்க கிடைக்கும்?

மன்னை லாரி
எல்லாருக்கும் வணக்கம். வண்டி லேலண்ட் ஆறு சக்கரம், செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது. கொள்முதல் நிலையத்துல சம்பா நெல்லு ஏத்திக்கிட்டு நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கு வந்துக்கிட்டிருந்தேன், கூட்ஸ்ல ஏத்துற சரக்கு. வாய்க்கால் பாலத்துல ஃபர்ஸ்ட் கியர் போட்டு ஏறும்போது அடியில "டங்"குன்னு சத்தம், அப்புறம் கேபினே தடதடன்னு அதிருது. ஓரங்கட்டிட்டுக் குனிஞ்சு பார்த்தா, கியர் பாக்ஸ்ல இருந்து பின் ஆக்சிலுக்குப் போற புரப்பல்லர் ஷாப்ட்டோட ரெண்டு துண்டும் சென்டர் பேரிங்குக்குப் பின்னாடி சேருற பிளாஞ்ச்ல (வட்டத் தட்டுல) போல்ட் அறுந்திருக்கு. மொத்தம் எட்டு. ரெண்டு ஆளையே காணோம், மூணு பாதியில அறுந்து நிக்குது, மூணு ஆடிக்கிட்டு இருக்கு.

ஸ்பேர்ஸ் கடையில இந்த போல்ட் ஸ்டாக் இல்ல, வரவழைக்கணும்ங்கறாங்க. பக்கத்து ஹார்டுவேர் கடையில அரை இன்ச் குடுத்தாங்க, ஓட்டையில போகல. 12 எம்.எம். குடுத்தாங்க, போகுது, ஆனா தலையில ஒரு எழுத்தும் இல்ல. வண்டியில மிச்சமிருக்கிற மூணுல ஒண்ணோட தலையில 10.9னு கிரேடு (உறுதி எண்) இருக்கு, மத்த ரெண்டும் மொட்டை. தார்ப்பாய் கட்டியிருக்கு, ஆனா வானம் மூடிக்கிட்டு வருது. எந்த போல்ட் வாங்கணும், எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

குடந்தை பட்டறை
தம்பி, போல்ட் பேச்செல்லாம் அப்புறம். முதல்ல பின் சக்கரம் நாலுக்கும் முன்னும் பின்னும் கட்டை போட்டீங்களா? பாலத்து இறக்கத்துல நிக்குதுன்னா இன்னும் அவசியம். ஷாப்ட் கழண்டுட்டா கியர் வண்டியைப் பிடிக்காது. "கியர்லதான் நிக்குது"ன்னு நம்பி அடியில படுத்தவங்களை என் தொழில்ல பார்த்திருக்கேன், அதனால சொல்றேன். ஏர் இறங்கிடாம பார்த்துக்கங்க. ஷாப்ட்டை கயித்துல ஃபிரேமோட கட்டிட்டு அப்புறம் போல்ட்டுல கை வைங்க. பெரிய ஷாப்ட் நெஞ்சு மேல விழுந்தா ஒரு ஆள் தூக்க முடியாது.

மாயவரம் டிரைவர்
அண்ணே, கடையில குடுத்த 12 எம்.எம். எட்டையும் போட்டு நல்லா இறுக்கிட்டு, மெதுவா உருட்டிக்கிட்டே ஸ்டேஷன் போயிடுங்க. சரக்கை இறக்கிட்டு நிதானமா நல்ல போல்ட் தேடலாம். மழை வந்தா நெல்லு போச்சு, அதான் இப்ப முக்கியம். கொள்முதல்ல ஒரு மூட்டை நனைஞ்சா யாரு பதில் சொல்றது?

துவாக்குடி டர்னர்
மாயவரம் அண்ணே, நெல்லு மேல உங்களுக்கு இருக்கிற அக்கறை புரியுது. ஆனா "மெதுவா போங்க"ங்கறதுலதான் ஆபத்தே இருக்கு. ஷாப்ட்டுல முறுக்கு அதிகமா வர்றது வேகமா ஓடும்போது இல்ல, லோடோட ஃபர்ஸ்ட் கியர்ல நகரும்போதுதான். இன்ஜின் 400 நியூட்டன் மீட்டர் குடுக்குதுன்னு வைங்க. ஃபர்ஸ்ட் கியர் ஏழு மடங்கு பெருக்கினா கியர் பாக்ஸ் வாசல்ல 2800. போல்ட் வட்டத்தோட ஆரம் 65 எம்.எம்.னா அந்த பிளாஞ்சைத் திருகுற விசை 4.4 டன்.

இப்ப போல்ட் என்ன செய்யுதுன்னு பாருங்க. பலபேரு போல்ட்தான் முறுக்கைத் தாங்குதுன்னு நினைக்கிறாங்க. அப்படி இல்ல. போல்ட் ரெண்டு பிளாஞ்சையும் சேர்த்து அழுத்துது. அந்த அழுத்தத்துல வர்ற உராய்வுதான் முறுக்கைக் கடத்துது. 12 எம்.எம்., 1.25 மரை (மரைக்கு மரை இடைவெளி 1.25 எம்.எம்.), 10.9 கிரேடு போல்ட்டை முறையா இறுக்கினா ஒண்ணு கிட்டத்தட்ட 5.8 டன் அழுத்தும். எட்டும் சேர்ந்தா 46 டன். உராய்வு நூத்துக்குப் பதினஞ்சுன்னு கணக்குப் போட்டா 7 டன் வரைக்கும் பிளாஞ்ச் நழுவாது. 4.4 வந்தாலும் தாங்கும்.

தலையில எழுத்தில்லாத போல்ட்டை 4.6 கிரேடுன்னு மட்டும்தான் எடுத்துக்க முடியும். அதை ஒன்றரை டன்னுக்கு மேல நம்பி இறுக்க முடியாது, நீள ஆரம்பிச்சிடலாம். எட்டும் சேர்ந்து 12 டன்கூட வராது, உராய்வு 1.7 டன். பிளாஞ்ச் நழுவும், போல்ட் கத்தரிக்கோல்ல மாட்டின மாதிரி அறுபடும். அடுத்த பாலத்துல மறுபடி நிப்பீங்க. சென்டருக்குப் பின்னாடி அறுந்து ஷாப்ட் தரையில குத்துச்சுன்னா வண்டியையே தூக்கிடும்.

மாயவரம் டிரைவர்
இந்தக் கணக்கு எனக்குப் புதுசு சார். போல்ட் தாங்குதுன்னுதான் நானும் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்படின்னா 8.8 போட்டா? அது எல்லா ஊர்லயும் கிடைக்குதே.

துவாக்குடி டர்னர்
8.8னா முதல் எண் 8, அதாவது இழுவைத் தாங்கு 800 மெகாபாஸ்கல். புள்ளிக்கு அப்புறம் இருக்கிற 8, அதுல 80 சதவீதத்துல நெகிழ ஆரம்பிக்கும்னு அர்த்தம். 10.9னா 1000, அதுல 90 சதவீதம். அதே 12 எம்.எம்.ல 8.8 போட்டா அழுத்தம் 10.9-ல மூணுல ரெண்டு பங்குதான். வெறும் வண்டியைப் பட்டறைக்கு இழுத்துட்டுப் போக வேணா ஆகும். லோடுக்கு ஆகாது. கம்பெனி 10.9 போட்டிருந்தா நாமளும் 10.9.

தஞ்சை போல்ட் கடை
நான் தஞ்சாவூர்ல நட்டு போல்ட் வியாபாரம் பார்க்கிறவன். மன்னை அண்ணே, கடைக்கு வந்து "12 எம்.எம். ஹைடென்சில் (உறுதி கூடின ரகம்) எட்டு குடுங்க"ன்னு கேட்டா எந்தக் கடைக்காரரும் 1.75 மரையைத்தான் எடுத்துப் போடுவார், ஏன்னா அதுதான் அதிகம் ஓடுற சரக்கு. அதனால வர்றதுக்கு முன்னாடி அளந்துட்டு வாங்க. வெர்னியர் இருந்தா மரை மேல விட்டம் பாருங்க: 11.9 கிட்ட வந்தா 12 எம்.எம்., 12.7 வந்தா அரை இன்ச், 11.1 வந்தா மூணரை நூல், அதாவது 7/16 இன்ச்.

மரைக்கு கேஜ் வேண்டாம், ஸ்கேல் போதும். பத்து மரை எண்ணி அளங்க. 17.5 எம்.எம். வந்தா 1.75. 15 வந்தா 1.5. 12.5 வந்தா 1.25. இதுல ஒரு சிக்கல் இருக்கு. இன்ச்சுக்கு 20 மரை இருக்கிற யு.என்.எஃப். (இன்ச் அளவு ஃபைன் மரை) போல்ட்டுக்கும் பத்து மரைக்கு 12.7 வரும். ஸ்கேல்ல 12.5-க்கும் 12.7-க்கும் கண்ணு வித்தியாசம் காட்டாது. அதனாலதான் விட்டத்தையும் சேர்த்துப் பார்க்கணும். பழைய லேலண்ட் காமெட் வண்டியில பூரா இன்ச் மரை. டாடா ஆரம்பத்துல மெர்சிடிஸ் பென்ஸோட சேர்ந்து வந்ததால எம்.எம். மரை. பிற்பாடு வந்த லேலண்ட்ல எம்.எம். வந்துடுச்சு. ஆனா செகண்ட் ஹேண்ட் வண்டின்னா யாரோ பழைய ஷாப்ட்டைத் தூக்கி மாட்டியிருப்பாங்க, மாடல் வருஷத்தை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. கையில இருக்கிற போல்ட் என்ன சொல்லுதோ அதுதான்.

இன்னும் ரெண்டு அளவு வேணும்: தலைக்குக் கீழ இருந்து நுனி வரைக்கும் நீளம், மரை இல்லாத வழவழப்பான உடம்பு எவ்வளவு.

மன்னை லாரி
கட்டை போட்டாச்சு அண்ணே, ஷாப்ட்டையும் கட்டிட்டேன். பக்கத்துல சைக்கிள் கடைத் தம்பிகிட்ட வெர்னியர் வாங்கி அளந்தேன்.

10.9 போட்டது: விட்டம் 11.9, பத்து மரைக்கு 12.5, நீளம் 45, அதுல உடம்பு 15. மொட்டைத் தலை ரெண்டும்: விட்டம் 11.8, பத்து மரைக்கு 17.5, தலை வரைக்கும் பூரா மரை. அறுந்த மூணும் அதே மொட்டை ரகம்தான். அறுந்த இடம் ரெண்டு பிளாஞ்சும் சேருற கோட்டுல நேரா இருக்கு, பாதி பளபளன்னு தேஞ்சு, பாதி சொரசொரன்னு இருக்கு. ஒரு பிளாஞ்ச் கனம் 12 எம்.எம்.

குடந்தை பட்டறை
அப்ப கதை விளங்கிடுச்சு. கையில இருக்கிற ஆறுல ஒண்ணுதான் கம்பெனி போல்ட். மிச்சத்தை யாரோ ஷாப்ட் இறக்கி ஏத்தும்போது கைக்கு வந்ததைப் போட்டிருக்காங்க. தேஞ்ச பாதி மெல்ல மெல்ல விரிசல் விட்டது, சொரசொரப்பு கடைசியா ஒரே இழுப்புல போனது. இன்னைக்குப் பாலத்துல அறுந்துச்சு, ஆனா விரிசல் விட்டது எப்பவோ.

அந்த 10.9-ஐயும் திரும்பப் போடாதீங்க. மத்ததெல்லாம் ஆடும்போது மொத்த அடியும் அது மேலதான் விழுந்திருக்கும். எட்டும் புதுசு, எட்டு நட்டும் புதுசு.

தஞ்சை போல்ட் கடை
அருமையா அளந்திருக்கீங்க. உங்களுக்கு வேண்டியது: 12 எம்.எம்., 1.25 மரை, 45 நீளம், 10.9, மரை இல்லாத உடம்பு இருக்கிற ரகம். 40 நீளம் குடுத்தா வாங்காதீங்க. 40-ல மரை போக உடம்பு 10 எம்.எம். தான் நிக்கும், உங்க பிளாஞ்ச் கனம் 12. மரை சரியா ரெண்டு பிளாஞ்ச் சேருற இடத்துல வந்து உக்காந்துடும். 45-ல உடம்பு 15, கோட்டைத் தாண்டி 3 எம்.எம். நிக்கும். வாஷரை நட்டுப் பக்கம் மட்டும் போடுங்க, தலைப் பக்கம் போட்டா உடம்பு அந்த அளவுக்கு வெளிய வந்துடும்.

இந்த நீளத்துல சாதாரண ஸ்டாக் எல்லாம் பூரா மரையா வரும். அதனால "ஹைடென்சில் போல்ட்"னு கேக்காம "புரப்பல்லர் ஷாப்ட் போல்ட், ஃபைன் மரை"ன்னு கேளுங்க. கடைக்காரருக்குப் புரியும். தலையில 10.9-ஓட தயாரிச்சவங்க குறியும் கட்டாயம் இருக்கணும். டி.வி.எஸ்., உன்பிராகோ, எல்.பி.எஸ். எல்லாம் தலையில தங்கள் பேரை அச்சடிச்சுத்தான் விடுறாங்க. கிரேடு எண் மட்டும் இருந்து பேர் இல்லன்னா அதைத் தொடாதீங்க. எண்ணைக் குத்துறதுக்கு ஒரு அச்சு போதும். எழுத்து மேலெழும்பி ஓரம் தெளிவா இருக்கா, உளியால வெட்டின மாதிரி கோணலா இருக்கான்னு வெளிச்சத்துல பாருங்க.

நட்டு 10 கிளாஸ். 8 கிளாஸ் நட்டு போட்டா போல்ட் நிக்கும், நட்டோட மரை உருவிக்கும். கிடைக்கிற இடம்: தஞ்சாவூர்ல எங்க மாதிரி கடைகள்லயே இருக்கும், போன் பண்ணிக் கேட்டுட்டு வாங்க. இல்லன்னா திருச்சி பால்பண்ணை. லாரி பட்டறையும் ஸ்பேர்ஸ் கடையும் அங்க வரிசையா இருக்கு. நாமக்கல், சென்னை புதுப்பேட்டைன்னு போறதுக்கு உங்க சரக்கு காத்திருக்காது.

திருவாரூர் டிராக்டர்
குறுக்க பேசுறேன், மன்னிக்கணும். இவ்வளவு தூரம் அலையறதுக்கு நல்ல லேத்துக்காரர்கிட்ட ஈ.என். 8 (நடுத்தர கார்பன் இரும்பு) கம்பியில எட்டு போல்ட் கடைஞ்சுட்டா ஒரே பொழுதுல முடிஞ்சிடுமே? எங்க ரோட்டவேட்டருக்கும் கலப்பைக்கும் அப்படித்தான் செய்யறோம், நல்லா உழைக்குது.

துவாக்குடி டர்னர்
என் பொழைப்பே லேத்துதான், அதனால ஒளிக்காம சொல்றேன்: இந்த வேலையை யார் கேட்டாலும் நான் செய்ய மாட்டேன். ஈ.என். 8 கம்பியை வாங்கினபடியே கடைஞ்சா 8.8-க்கே எட்டாது. சூடு பண்ணி எண்ணெய்ல குளிப்பாட்டித் திரும்ப பதம் இறக்கினா 8.8 பக்கத்துல வரும். 10.9-க்கு ஈ.என். 19, ஈ.என். 24 மாதிரி கலப்பு இரும்பு வேணும், அதையும் அளந்த சூட்டுல பதப்படுத்தணும். கொல்லுப்பட்டறை உலையில கண்மட்டத்துக்கு செய்யற வேலை இல்ல.

அது போக மரை. கம்பெனி போல்ட்டுல மரையை வெட்டுறதில்ல, ரெண்டு அச்சுக்கு நடுவுல உருட்டி அழுத்துறாங்க. இரும்போட நார் அறுபடாம மரையோட வளைஞ்சு போகும். லேத்துல டூல் போட்டு வெட்டும்போது அந்த நார் ஒவ்வொரு பள்ளத்துலயும் அறுந்துடும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். கலப்பைக்கு போல்ட் அறுந்தா வயல்ல நிக்கும், மாட்டிக்கலாம். சொல்லப்போனா அங்க போல்ட் அறுறது நல்லது, கியர் பாக்ஸ் தப்பிக்கும். இங்க அப்படி இல்ல.

வேதை உப்பு லோடு
இந்த இழையைப் பார்த்ததுல சந்தோஷம். அகஸ்தியம்பள்ளியில இருந்து உப்பு ஏத்துறவன் நான். எங்க வண்டிக்கு அடியில ஒரு போல்ட்டும் ஒழுங்கா நிக்காது, துரு தின்னுடும். 10.9 அறுந்துச்சுன்னு 12.9 வெள்ளை கோட்டிங் போட்டது வாங்கிப் போட்டோம். இன்னும் உறுதியா இருக்கும்னு நெனச்சா, ஓடாம நிக்கும்போதே தலை தெறிச்சு விழுந்து கிடக்கு. இறுக்கும்போது எதுவும் தெரியல. ஏன் அப்படி?

துவாக்குடி டர்னர்
அது ஹைட்ரஜன் செய்யற வேலை அண்ணே. இரும்பு எவ்வளவு கடினமோ அவ்வளவு சுலபமா இதுக்கு இரையாகும். ஆசிட்ல கழுவி கரண்ட் முலாம் பூசும்போது ஹைட்ரஜன் இரும்புக்குள்ள புகுந்துடும். பூசின கையோட 200 டிகிரி பக்கத்துல பல மணி நேரம் சூட்டுல வச்சு அதை வெளியேத்தணும். அதைச் சரியா செய்யாத சரக்கு இறுக்கி வச்ச நிலையிலேயே, மணிக்கணக்கோ நாள்கணக்கோ கழிச்சு, சொல்லாம கொள்ளாம முறியும். உப்புத் தண்ணியில துரு ஏறும்போதும் ஹைட்ரஜன் உண்டாகும், 12.9-க்கு அது ரெண்டாவது அடி. உங்க ரூட்டுக்கு 12.9 வேண்டவே வேண்டாம். 10.9 போதும், ஜிங்க் ஃப்ளேக் பூசினதா கேளுங்க. சாம்பல் நிறத்துல மங்கலா இருக்கும், பளபளப்பு இருக்காது. அதைப் பூசுறதுல ஆசிட்டும் இல்ல கரண்ட்டும் இல்ல. கிடைக்கலன்னா கறுப்பு போல்ட் போட்டு, இறுக்கி முடிச்சப்புறம் வெளியில பெயின்ட் அடிங்க. லோடு இறக்கின அன்னைக்கே அடியில நல்ல தண்ணி பீச்சி அடிச்சுக் கழுவுங்க.

மாயவரம் டிரைவர்
எங்க பக்கத்துல ஒருத்தர் பிளாஞ்சையே சுத்தி வெல்டு வச்சு ஓட்டுறார். அதுவும் ஓடிக்கிட்டுதான் இருக்கு.

குடந்தை பட்டறை
அதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்க அண்ணே. வெல்டு வச்ச பக்கம் எடை கூடும், ஷாப்ட் பேலன்ஸ் போயிடும். அந்த அதிர்வு சென்டர் பேரிங்கையும் கியர் பாக்ஸ் பின் சீலையும் தின்னும். பிளாஞ்ச் கார்பன் அதிகமுள்ள ஃபோர்ஜிங், வெல்டு ஓரத்துல விரிசல் விடும். நாளைக்கு கிராஸ் (ஷாப்ட் மடங்கித் திரும்புற மூட்டு) மாத்தணும்னா கட்டர் போட்டு ஷாப்ட்டையே அறுக்கணும்.

மன்னை தம்பி, போல்ட் வாங்கிட்டு வந்ததும் உடனே மாட்டிடாதீங்க. பிளாஞ்ச் ரெண்டு முகத்தையும் டீசல்ல துடைச்சு, உப்புத்தாள் போட்டு துரு, பெயின்ட், கிரீஸ் எல்லாம் எடுங்க. இரும்போட இரும்பு உக்காரணும், நடுவுல பெயின்ட் இருந்தா ஓட ஓட நசுங்கி இறுக்கம் போயிடும். ஓட்டை ஓரத்துல பிசிர் இருந்தா அரத்தால தட்டிவிடுங்க. விரலை விட்டுத் தடவிப் பாருங்க, ஓட்டை முட்டை வடிவமா நீண்டிருந்தா பிளாஞ்ச் மாத்தணும், போல்ட்டால அதைச் சரிக்கட்ட முடியாது.

ஷாப்ட்டுல அம்புக்குறி ரெண்டு இருக்கும், நேருக்கு நேர் வரணும். எட்டையும் கையால ஏத்திட்டு எதிரெதிரா இறுக்குங்க. டார்க் ரெஞ்ச் அளவு வண்டி மேனுவல்ல இருக்கும். 12-க்கு 1.25, 10.9, காய்ஞ்ச மரைன்னா பொதுவா 110-ல இருந்து 120 நியூட்டன் மீட்டர், அதாவது 11, 12 கிலோ. மரையில எண்ணெய் இருந்தா அதே அளவுல போல்ட் கூடுதலா இழுபடும், அதனால துடைச்சுட்டுப் போடுங்க. பைப் மாட்டி ஏறி மிதிக்கிறது வேண்டாம். ஸ்பிரிங் வாஷர் இதுக்கு ஆகாது, 10.9 இறுக்கத்துல அது தட்டையாகிடும், பிடிக்காது. கெட்டி வாஷர், லாக் நட்டு. கடைசியா நட்டுலயும் பிளாஞ்ச்லயும் சேர்த்து ஒரு கோடு பெயின்ட் போட்டுடுங்க. கோடு விலகினா கண்ணுக்கே தெரியும்.

இன்னொண்ணு, சென்டர் பேரிங் ரப்பரை இரும்புக் கம்பி விட்டு நெம்பிப் பாருங்க. கிராஸையும் கையால முறுக்கிப் பாருங்க.

மன்னை லாரி
தஞ்சாவூர்ல கிடைச்சிடுச்சு. அவர் சொன்ன மாதிரியே முதல்ல பூரா மரைதான் எடுத்துப் போட்டாங்க. "புரப்பல்லர் ஷாப்ட் போல்ட்"னு சொல்லவும் உள்ள இருந்து வேற டப்பா வந்துச்சு. 45 நீளம், 10.9, பேர் அச்சு எல்லாம் இருக்கு. நட்டு 10 கிளாஸ்.

சென்டர் பேரிங் ரப்பர் அடிப்பக்கம் பாதி கிழிஞ்சு தொங்குது அண்ணே. நெம்பினா ஷாப்ட் விரல் கனத்துக்கு மேல ஏறி இறங்குது. அதையும் புதுசா வாங்கி மாட்டியாச்சு. ஓட்டை எல்லாம் வட்டமாத்தான் இருக்கு. பட்டறைக்காரர் டார்க் ரெஞ்ச் எடுத்துக்கிட்டு ரோட்டுக்கே வந்தார், 115-ல இறுக்கினோம். பாலத்துல அதே ஃபர்ஸ்ட் கியர்ல ஏறுச்சு, அதிர்வு இல்ல. நீடாமங்கலம் கேட்ல வழக்கம்போல காத்துக்கிடந்து, மழைக்கு முன்னாடி ஸ்டேஷன்ல இறக்கியாச்சு. முகம் தெரியாத எனக்கு இவ்வளவு பேர் வந்து சொன்னீங்க, ரொம்ப நன்றி.

குடந்தை பட்டறை
நல்லது தம்பி. ரெண்டு மூணு லோடு ஓடினப்புறம் அந்த பெயின்ட் கோட்டைப் பார்த்துட்டு, அதே 115-ல ரெஞ்ச் வச்சு ஒரு தடவை சரிபாருங்க. நட்டு நகர்ந்தா இங்க எழுதுங்க.

திருவாரூர் டிராக்டர்
அண்ணே, இதே கேள்வி கிரவுனுக்கும் (பின் ஆக்சிலுக்குள்ள இருக்கிற பெரிய பல்சக்கரம்). ஹவுசிங் பிரிச்சு கிரவுன் பினியன் மாத்தறோம். கிரவுன் போல்ட் பார்க்க நல்லாத்தான் இருக்கு, பழசையே போடலாமா?

குடந்தை பட்டறை
கூடாது. பிளாஞ்ச் போல்ட் தளர்ந்தா சத்தம் குடுக்கும், கண்ணுக்கும் தெரியும். கிரவுன் போல்ட் எண்ணெய்க்குள்ள இருக்கு. ஒரு தலை கழண்டு விழுந்து கிரவுனுக்கும் பினியனுக்கும் நடுவுல மாட்டுச்சுன்னா பல்லு போகும், சில சமயம் ஹவுசிங்கே உடையும். புது செட்டா வாங்குங்க, அந்த மாடலுக்குன்னு பார்ட் நம்பர் போட்டு வர்றதை மட்டும். பிளாஞ்ச்ல போல்ட்டுக்கு நட்டு தனியா வர்றதால மரை மாறினாலும் எப்படியோ ஏறிடும். இங்க போல்ட் நேரா மரை வெட்டின ஓட்டையில ஏறுது, 1.5 இருக்கிற இடத்துல 1.25 ஏத்தினா மரையே போயிடும். ஓட்டைக்குள்ள பழைய லாக்டைட் (மரைப் பசை) காய்ஞ்சு கிடக்கும், டேப் விட்டு எடுத்து, பெட்ரோல்ல கழுவி, காத்தடிச்சு காயவிட்டு, புது லாக்டைட் போட்டு ஏத்துங்க. லாக் பிளேட் இருக்கிற வண்டின்னா அதுவும் புதுசு, பழசை நிமித்தி மறுபடி மடக்கினா ஓரத்துல கீறும். பழைய எண்ணெய்யை வடிக்கும்போது அடியில காந்தம் விட்டுத் துழாவிடுங்க.